ஒரு கண்டெய்னர் மாங்கூழின் புகையைப் பங்கிடும் முறை

கிருஷ்ணகிரியில் ஒரு மாங்கூழ் தொழிற்சாலையில் பதினான்கு ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் முதன்முதலில் கரியமில வாயு விவரம் கேட்டபோது, மின்கட்டண ரசீதை மட்டும் வைத்துப் படிவத்தை நிரப்பிவிட்டேன். அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம்.

ஐ.நா. காலநிலை உடன்படிக்கையின் கீழ், புகை எந்த மண்ணில் எழுந்ததோ அந்த நாட்டின் பெயரில்தான் ஏறும். பழச்சாற்றைக் குடிப்பவர் கடலுக்கு அப்பால் இருந்தாலும் அப்படியே. மழை பொய்த்து மாம்பூ உதிர்ந்து நிற்கும் தோட்டக்காரரின் பக்கமே அத்தனையையும் எழுதுவதை என்னால் ஏற்க முடியாது.

ஒரு கண்டெய்னரை அலகாக வையுங்கள்: 215 கிலோ டிரம் 80, மொத்தம் 17.2 டன் கூழ். மின்சாரம் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, டீசல் லிட்டருக்கு 2.68 கிலோ கரியமில வாயு. காலி கண்டெய்னர் சென்னையிலிருந்து வருவதையும் சேருங்கள். போகவர 150 லிட்டர் என்றால் 400 கிலோ. பாய்லரில் எரித்த விறகைத் தனி வரியில் காட்டுங்கள்.

இனி டிரம். காலி டிரம் ஒன்றைத் தராசில் ஏற்றினேன்: 17 கிலோ. எண்பதுக்கு 1,360 கிலோ எஃகு. இந்தியாவில் ஒரு டன் எஃகுக்கு ஏறக்குறைய 2.5 டன் வாயு வெளியேறுகிறது. ஆக டிரம்முக்கு மட்டும் 3.4 டன், லாரியைப் போல எட்டு மடங்குக்கு மேல்! ஒவ்வொரு முறையும் புது டிரம் கேட்பவர் வாங்குபவர்தான். இதை அவருக்கு அனுப்பும் கடிதத்தில் தெளிவாக எழுதுங்கள்.

பங்கிட, மான்ஃப்ரெட் லென்சனும் சக ஆய்வாளர்களும் 2007-இல் விளக்கிய முறையை எளிமையாக்கிப் பயன்படுத்துகிறேன். விலையில் நாம் கூட்டிய மதிப்பு எத்தனை பங்கோ, புகையிலும் அத்தனை பங்கு நமக்கு, மீதி வாங்குபவருக்கு. விலை 100 ரூபாய், அதில் மாங்காய், டிரம், எரிபொருள், லாரி வாடகை 75 என்றால், கால் பங்கு நம்முடையது. ஆட்களின் கூலியை இந்த 75-இல் சேர்க்காதீர்கள். கூலியும் நாம் கூட்டிய மதிப்பே. அதைச் செலவில் தள்ளி நம் பங்கைக் குறைப்பது நியாயமல்ல.

கப்பல் புகை எந்த நாட்டின் மொத்தக் கணக்கிலும் சேர்வதில்லை. சென்னைத் துறைமுகம் வரைதான் நம் விலை என்றால், கப்பல் வாடகை கொடுப்பவர் வாங்குபவர்தான். படிவத்தில் கப்பலுக்கான வரியைக் காலியாக விட்டு, நிரப்பித் திருப்பி அனுப்பும்படி அவரைக் கேளுங்கள்.