விளிம்பில் நிற்கும் சிறிய மரம்: பாறையேற்றத்திலும் கூடாரமிடுவதிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாறையேற்றத்துக்குப் புதிதாக வருபவர்களுடன் அடிக்கடி வெளியே செல்பவன் என்ற முறையில், ஒரே வகையான தவறுகள் ஒவ்வொரு குழுவிலும் புதிதாகத் தலையெடுப்பதைக் கண்டுவருகிறேன். இவற்றுள் பலவற்றை என் காலத்தில் பயின்றவர்களும் செய்துதான் கடந்து வந்தோம். பிளாஸ்டிக் உறைகளை வீசக் கூடாது, பாறையில் பெயர் எழுதக் கூடாது, காட்டில் பாட்டை அலறவிடக் கூடாது என்பவை எவருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. இயற்கையின் மேல் உண்மையான அக்கறையுடன் வருபவர்கள், கெடுதல் செய்கிறோம் என்பதை அறியாமலே செய்யும் தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

விளிம்பு மரத்தில் கயிற்றை நேரடியாகச் சுற்றி இறங்குவது

எல்லாத் தவறுகளிலும் எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுவது இதுதான். உச்சியை அடைந்தவர்கள், இறங்குவதற்காகப் பாறை விளிம்பில் நிற்கும் ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, கயிற்றின் நடுப்பகுதியை அதன் அடிமரத்தில் அப்படியே சுற்றி, இரு முனைகளையும் கீழே விட்டு, ஒருவர் பின் ஒருவராக இறங்குகிறார்கள். கடைசி ஆள் தரையைத் தொட்டதும் ஒரு முனையைப் பிடித்து இழுக்கிறார்கள். அறுபது மீட்டர் கயிறு என்றால், அதில் முப்பது மீட்டர் நீளம் மரப்பட்டையை உரசிக்கொண்டே ஓடிவந்து விழுகிறது. அடுத்த குழு வந்து அதே மரத்தில், அதே உயரத்தில், அதே தழும்பின் மேல் மீண்டும் கயிற்றைச் சுற்றுகிறது.

பட்டைக்கு உட்புறத்தில் உள்ள மெல்லிய திசுதான் இலைகளில் உருவாகும் சர்க்கரையை வேருக்குக் கொண்டுசெல்கிறது. மரத்தைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்னும் வளரடுக்கும் அதை ஒட்டியே இருக்கிறது. இவ்விரண்டும் மரத்தைச் சுற்றி ஒரு முழு வளையமாக அறுபட்டுவிட்டால், வேர் பட்டினி கிடந்து மரம் இறக்கும். ஆனால் அது உடனே நடப்பதில்லை. வேரில் சேமிப்பு இருக்கும்வரை மேலே இலைகள் பச்சையாகவே இருக்கும். ஆகவே கயிற்றை இழுத்தவர்களில் எவரும் தாம் செய்ததன் விளைவைக் காண்பதில்லை.

பயிற்சி முகாம் ஒன்றில் இதை எடுத்துச் சொன்னபோது, அங்கிருந்த பயிற்றுநர், "சின்ன மரந்தானே, போனால் இன்னொன்று முளைக்கும்" என்றார். கற்றுக்கொள்ள வந்த இளைஞர்கள் எல்லோரும் அதைக் கேட்டுத் தலையசைத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே உச்சிக்குச் சென்றபோது அந்த மரம் பட்டையுரிந்த கட்டையாக நின்றது. அதற்கு அடுத்திருந்த மரத்தில் புதிய கயிற்றுத் தழும்பு ஆழமாகப் பதிந்திருந்தது. புதிதாக முளைத்த கன்று எதையும் அந்த விளிம்பில் நான் காணவில்லை.

பாறை விளிம்பில் சிறியதாக நிற்கும் மரம் இளமரம் என்று நினைப்பதுதான் இந்தத் தவறின் ஆணிவேர். கனடாவின் நயாகரா செங்குத்துப் பாறைத் தொடரில் வளரும் வெள்ளை சீடார் மரங்களை, குவெல்ஃப் பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் லார்சனும் அவருடைய குழுவினரும் 1980களின் இறுதியில் ஆராய்ந்தபோது, வளைந்து குறுகி எவர் கண்ணிலும் படாமல் நின்ற மரங்களில் சில ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டவை என்று தெரியவந்தது. மண்ணே இல்லாத வெடிப்பில் வேரூன்றிய மரம் ஓர் ஆண்டில் வளரும் தடிமன் மிக மிகக் குறைவு. அதன் ஆண்டு வளையங்களை உருப்பெருக்கி இல்லாமல் எண்ண முடியாது. இந்த மரங்களில் இன்னொரு சிறப்பும் உண்டு. ஒவ்வொரு வேரும் அடிமரத்தின் ஒரு குறிப்பிட்ட நீளவாக்குப் பகுதிக்கு மட்டுமே நீரூட்டுகிறது. ஒரு வேர் செத்தால் அதற்கு நேர்மேலே உள்ள பகுதி மட்டும் செத்து, மீதி மரம் உயிரோடிருக்கும். பல நூற்றாண்டுகளாகப் பாறைச்சரிவையும் வறட்சியையும் அவை தாங்கி நிற்பதற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம். ஆனால் மரத்தைச் சுற்றி வளையமாக அறுக்கும் கயிற்றின் முன்னால் இந்தத் தற்காப்பு எதுவும் செய்ய இயலாது. அதே பாறைத் தொடரில் பீட்டர் கெல்லியும் லார்சனும் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஏறுபவர்கள் பயன்படுத்திய பாறைமுகங்களில் மரங்களின் அடர்த்தி குறைந்திருந்ததும், முதிய மரங்கள் குறைவாக இருந்ததும் பதிவாயின.

கயிறு மட்டுமே காரணம் என்றும் நினைத்துவிட வேண்டாம். இறங்குவதற்கு மரம்தான் வழி என்று ஆகிவிட்டால், ஒவ்வொரு குழுவும் அந்த மரத்தடியில் நின்று, பைகளை வைத்து, முறைக்காகக் காத்திருக்கிறது. விளிம்பில் உள்ள மண் பெரும்பாலும் விரல் நீள ஆழத்துக்குமேல் இருப்பதில்லை. காலடிகளால் அது இறுகிவிட்டால் மழைநீர் உள்ளே இறங்காமல் மேலே வழிந்தோடி, இருக்கும் மண்ணையும் அரித்துக்கொண்டு போகும். வேர்கள் வெளியே தெரியத் தொடங்கும். பின்னர் அவற்றையே படிகளாக்கி மிதிப்பார்கள்.

'போல்ட் (பாறையில் துளையிட்டுப் பொருத்தும் ஆணி) அடித்தால் பாறைக்குக் காயம், மரத்தில் கட்டினால் தடயமே இல்லை' என்று வாதிடுபவர்களை நான் மதிக்கிறேன். அவர்கள் வந்த மரபு உயர்ந்தது. அமெரிக்காவின் யோசெமிட்டிப் பாறை வெடிப்புகளில் பிட்டான்கள் எனப்படும் இரும்பு ஆப்புகளை அடித்து அடித்துப் பிடுங்கியதால் பாறை சிதைவதைக் கண்டு, பாறையேறுநர்களான ராயல் ராபின்ஸும் லிஸ் ராபின்ஸும் 1967இல் 'நட்கிராக்கர்' என்னும் ஏறும் வழியில், வெடிப்பில் கையால் செருகும், சுத்தியல் தேவைப்படாத நட்கள் என்னும் உலோகத் துண்டுகளை மட்டும் வைத்து ஏறிக் காட்டினார்கள். பிட்டான்களை விற்றே பிழைத்த ஈவோன் ஷூய்னார்டும் டாம் ஃப்ராஸ்டும் 1972இல் தங்கள் விற்பனைப் பட்டியலிலேயே அவற்றைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டார்கள். தம் வருமானத்தைப் பொருட்படுத்தாமல் பாறைக்காகப் பேசிய அந்தச் செயலுக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் பாறையில் ஒரு துளையைத் தவிர்ப்பதற்காக உயிருள்ள மரத்தைக் கொல்வது அந்த மரபின் தொடர்ச்சி அல்ல.

எனவே, விளிம்புக்குச் சற்றுக் கீழே, ஏறும் வழி முடியும் இடத்தில் நிலையான இறக்க ஆங்கர் (கயிற்றைக் கோத்து இறங்குவதற்காகப் பாறையில் பொருத்திய பிடிமானம்) இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அதைத் தாண்டி உச்சிமண்ணில் கால் வைக்கவே வேண்டாம். அது இல்லாத இடத்தில் நடந்து இறங்கும் பாதை உண்டா என்று முதலில் பாருங்கள். மரத்தைத் தவிர வேறு வழியே இல்லையென்றால், உயிருள்ள, நன்கு வேரூன்றிய, பருமனான மரத்தில் அகலமான ஸ்லிங்கை (வலுவான நாடா வளையத்தை) துணியோ பழைய தரைவிரிப்போ வைத்துக் கட்டி, அதில் ஓர் உலோக வளையத்தைக் கோத்து, அதன் வழியே கயிற்றை விடுங்கள். அப்போது கயிறு ஓடுவது உலோகத்தின் மேல் மட்டுமே. விட்டுச்செல்லும் ஸ்லிங்கையும் வளையத்தையும் நட்டம் என்று கருதாதீர்கள். பலரும் வரும் இடமாக இருந்தால், நிலையான ஆங்கர் அமைப்பதைப் பற்றி அந்த இடத்தைப் பராமரிக்கும் அமைப்பிடம் கேளுங்கள். அனுமதியின்றி நீங்களாகத் துளையிட வேண்டாம்.

ஈரமான மணற்கல்லில் ஏறுவது

மழை நின்று வெயிலும் வந்துவிட்டது, பாறை தொடுவதற்கு உலர்ந்திருக்கிறது என்று சொல்லி ஏறத் தொடங்குகிறார்கள். மணற்கல்லில் மணற்பரல்களைப் பிணைத்திருக்கும் களிமண் போன்ற பொருள் நீரில் வலுவிழக்கும். மேற்பரப்பு உலர்ந்த பின்னும் உட்புறம் நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். அந்த நிலையில் ஏறினால் பிடிப்புகள் கையோடு பெயர்ந்து வரும். அவை மீண்டும் உருவாகப் போவதில்லை. பாதுகாப்புக்காக வைத்த காம்களும் (வெடிப்புக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும் கருவிகள்) பாறையைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரக்கூடும் என்பதால் இது ஏறுபவரின் உயிருக்கும் ஆபத்தானது. பொதுவாக 24 மணி முதல் 72 மணி நேரம்வரை காத்திருக்கச் சொல்வார்கள்; குளிரும் நிழலும் உள்ள இடத்தில் அதற்கும் மேலாகலாம். பாறையின் அடியில் உள்ள மண்ணைச் சற்றுத் தோண்டிப் பாருங்கள். அது ஈரமாக இருந்தால் பாறையும் ஈரந்தான். ஜெர்மனியின் எல்பே மணற்கல் மலைகளில் ஈரப்பாறையில் ஏறுவதற்கு மட்டுமல்லாமல், உலோக நட்களுக்கும் காம்களுக்கும், கை வழுக்காமலிருக்கப் பூசும் சாக் தூளுக்குமே தடை உண்டு. அங்கே முடிச்சிட்ட ஸ்லிங்குகளை வெடிப்பில் செருகியே ஏறுகிறார்கள். இத்தனை கட்டுப்பாடுகளுடனும் அங்கே பாறையேற்றம் செழித்து வளர்ந்திருக்கிறது.

பாறையைத் 'துப்புரவு' செய்வது

கம்பித் தூரிகையால் பாசியையும் லைக்கனையும் (பூஞ்சையும் பாசியும் இணைந்து வாழும் உயிர்) சுரண்டி, வெடிப்பிலுள்ள பெரணிகளைப் பிடுங்கி எறிந்து புதுவழி உண்டாக்குவதைச் சிலர் சாதனையாகப் பேசுகிறார்கள். பாறைமேல் மஞ்சள்பச்சையாகப் படரும் வரைபட லைக்கன் ஓர் ஆண்டில் ஒரு மில்லிமீட்டர்கூட வளர்வதில்லை; பனியாறுகள் பின்வாங்கிய காலத்தைக் கணிப்பதற்கே அறிவியலாளர்கள் அதன் விட்டத்தை அளக்கிறார்கள். உள்ளங்கையளவு லைக்கனைச் சுரண்டுவது பல தலைமுறைகளின் வளர்ச்சியை ஒரே பிற்பகலில் துடைத்தெறிவதாகும். ஏற்கெனவே வழிகள் உள்ள பாறையில் ஏறுங்கள்.

சாக் தூளும் வெறும் கண்ணுறுத்தல் மட்டுமல்ல. அது மக்னீசியம் கார்பனேட். அமிலத்தன்மையுள்ள பாறையின் மேற்பரப்பு வேதிநிலையை அது மாற்றுகிறது. அது பாறைவாழ் பெரணிகளும் பாசிகளும் முளைப்பதையும் உயிர்பிழைப்பதையும் பாதிக்கிறது என்று சுவிட்சர்லாந்தில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு காட்டியது. தூளைத் தளர்வாகக் கொட்டிக்கொள்ளாமல் பந்தாகக் கட்டிப் பயன்படுத்தினால் சிந்துவது குறையும். பிடிப்பைக் குறிக்க இட்ட கோடுகளை மென்மையான தூரிகையால் துடைத்துவிட்டே கிளம்புங்கள்.

பாறை ஓவியங்களுக்கு அருகில் ஏறுவது

ஏறாதீர்கள், தொடவும் வேண்டாம்.

கூடு கட்டும் காலத் தடையை மீறுவது

'பறவை எதுவும் கண்ணில் படவில்லையே' என்பதுதான் பெரும்பாலும் சொல்லப்படும் காரணம். பெரிக்ரின் வல்லூறு குச்சிகளால் கூடு கட்டுவதில்லை. பாறைத்திட்டில் மண்ணைச் சற்றே கீறிவிட்டு அங்கேயே முட்டையிடும். கீழிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. மேலே ஒரு மனிதர் வந்தால் தாய்ப்பறவை எழுந்து பறந்துவிடும். அவர் அங்கேயே காத்திருந்தால் முட்டைகள் குளிர்ந்து கெடும். டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டையின் ஓடு மெலிந்து அழிவின் விளிம்புக்குச் சென்ற இந்தப் பறவை, 1972இல் அமெரிக்கா அந்தப் பூச்சிக்கொல்லியைத் தடைசெய்த பின்னர் மெல்ல மீண்டு, 1999இல்தான் அந்நாட்டின் அழிநிலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த மீட்சியில் பருவகாலப் பாறைத் தடைகளை ஏறுபவர்கள் கடைப்பிடித்ததற்கும் பங்கு உண்டு. குஞ்சுகள் பறந்துவிட்டன என்று கண்காணிப்பாளர்கள் உறுதிசெய்தால் பல இடங்களில் தடையை முன்கூட்டியே விலக்கிவிடுவார்கள். அதுவரை வேறு பாறைக்குச் செல்லுங்கள்.

'யாரும் தொடாத' இடமாகப் பார்த்துக் கூடாரமிடுவது

பலர் வந்துபோகும் இடத்தில், மண் வெறிச்சிட்ட பழைய கூடாரத் தளத்தைக் கண்டு முகம் சுளித்து, அதற்குப் பத்தடி தள்ளியுள்ள பசும்புல்லில் கூடாரத்தை விரிக்கிறார்கள். அக்கறையோடு செய்யும் தவறு இது. அமெரிக்க வனத்துறையின் ஆய்வாளர் டேவிட் கோல் செய்த மிதிபாட்டு ஆய்வுகள் காட்டியபடி, ஓர் இடத்துக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி முதல் சில பயன்பாடுகளிலேயே நிகழ்ந்துவிடுகிறது. அதற்குப்பின் எத்தனை பேர் தங்கினாலும் கூடுதல் சேதம் ஒப்பீட்டளவில் குறைவு. ஆகவே கெட்டுப்போன தளத்திலேயே தங்குவதுதான் அங்கே சரி. எவரும் வராத பகுதியில் இதற்கு நேர்மாறு: கூடாரங்களைப் பரவலாக அமைத்து, ஒரே தடத்தில் நடக்காமல், பாறைத்தளம், மணல், சரளை போன்ற தாங்குதிறனுள்ள நிலத்தைத் தேர்ந்து, ஓர் இரவுக்குமேல் ஒரே இடத்தில் தங்காமல் நகர்ந்துவிட வேண்டும். தடயம் இப்போதுதான் லேசாகத் தெரியத் தொடங்கியுள்ள இடத்தில் மட்டும் தங்கவே கூடாது. விட்டுவைத்தால்தான் அது ஆறும்.

பாறையடிவாரத்துக்கும் இதே கணக்குதான். பைகளையும், விழுந்தால் தாங்கும் மெத்தையான கிராஷ் பேடையும் புதரின் மேல் போட்டு இழுக்காமல், ஏற்கெனவே வெறுந்தரையாக உள்ள பகுதியில் வையுங்கள்.

மலத்தைக் கல்லால் மூடிவிட்டுச் செல்வது

கல் மக்கச் செய்யாது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்களே மக்கச் செய்யும். நீர்நிலை, பாதை, கூடாரம் ஆகியவற்றிலிருந்து குறைந்தது 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டிப் புதையுங்கள். காகிதத்தைப் புதைக்காமல் பையில் எடுத்துவாருங்கள், ஏனெனில் விலங்குகள் அதைத் தோண்டியெடுக்கும். வெற்றுப்பாறை, மிக மெல்லிய மண், பாலைநிலம், பனி, கூட்டம் மிகுந்த பாறையடிவாரம் ஆகிய இடங்களில் புதைப்பதும் பயன்படாது. அங்கே நாற்றத்தைக் கட்டுப்படுத்தும் தூளுள்ள கழிவுப்பையில் எடுத்துவருவது ஒன்றே வழி. பாறையேறும் இடங்கள் பலவும் இந்தப் பட்டியலில்தான் வரும் என்பதால், பாறைக்குச் செல்லும் பையில் கழிவுப்பையும் எப்போதும் இருக்கட்டும்.

மக்கும் சோப்பு என்று நம்பி ஓடையில் கழுவுவது

அது மக்குவதற்கு மண் வேண்டும். நீரை முகந்து 60 மீட்டர் தள்ளிச் சென்று கழுவி, அழுக்குநீரை மண்ணில் பரவலாகத் தெளியுங்கள்.

கவிந்த பாறைக்கு அடியில் நெருப்பு மூட்டுவது

மழைக்கும் காற்றுக்கும் மறைவாக இருக்கிறது என்று அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெப்பத்தில் பாறையின் மேற்பகுதி உட்பகுதியைவிட அதிகமாக விரிவடைவதால் செதில் செதிலாகப் பெயரும். படிந்த கரியும் மழைபடாத அந்த இடத்திலிருந்து போவதே இல்லை. சமைப்பதற்கு ஸ்டவ் போதும். நெருப்பு அனுமதிக்கப்பட்டுள்ள இடத்தில் அது தேவை என்று தோன்றினால், ஏற்கெனவே உள்ள நெருப்புவளையத்திலேயே, தரையில் விழுந்துகிடக்கும், கையால் ஒடிக்கக்கூடிய காய்ந்த சுள்ளிகளை மட்டும் எரித்து, அவை முழுதும் சாம்பலாகும்வரை காத்திருந்து, நீரூற்றிக் கிளறி, வெறுங்கையை வைத்துப் பார்க்கும் அளவுக்குக் குளிர்ந்த பின்னரே அங்கிருந்து நகருங்கள்.