கிறிஸ்தவத் தியான நூல்களை எங்கே தொடங்குவது

எடுத்ததுமே ஸ்பெயின் துறவி சிலுவை யோவானின் நூல்களுக்குப் போகாதீர்கள், அவர் கடினம். சகோதரர் லாரன்ஸின் கடிதங்களில் தொடங்குங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடமொன்றின் சமையற்கட்டில் வேலை பார்த்தவர். பாத்திரங்களுக்கு நடுவிலும் கடவுளோடு பேசிக்கொண்டே இருந்தார்.

திருவையாற்றில் கடை திறக்கும் முன் ஒரே ஒரு பத்தியை வாய்விட்டு வாசிப்பேன். மனசில் தைத்த வரியை நோட்டில் எழுதிக்கொள்வேன். வியாபாரத்துக்கு நடுவே அதைத்தான் நினைப்பேன். அவ்வளவு போதும், நிறைய படிப்பது இதில் உதவாது.

அப்புறம் ஸ்பெயின் கன்னியாஸ்திரி அவிலா தெரேசாள் 1577-ல் எழுதிய ‘உள்ளக் கோட்டை’. ஆன்மாவைக் கோட்டையாக வைத்து, அதற்குள் ஏழு உறைவிடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மாதமாவது கொடுங்கள். புரியாத பக்கத்தோடு மல்லுக்கட்டாமல், அன்றைக்கு பைபிளிலிருந்து ஒரு திருப்பாடலைச் சொல்லி ஜெபியுங்கள்.

குளித்தலைப் பக்கம் தண்ணீர்ப்பள்ளியில், காவிரிக் கரையில், 1950-ல் தொடங்கிய சாந்திவனம் என்ற கிறிஸ்தவ ஆசிரமம் இருக்கிறது. ஒருநாள் புத்தகத்தோடு அவசியம் போய்வாருங்கள்.