ஸ்பெயினுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: இறந்தகாலத்தை இம்பெர்பெக்தோவில் தொடங்குங்கள்

ஸ்பெயினில் முதல் சில மாதங்களில் உங்களிடம் நேற்று என்ன செய்தீர்கள் என்று யாரும் அதிகம் கேட்க மாட்டார்கள். இங்கே வருவதற்கு முன்னால் எங்கே இருந்தீர்கள், என்ன வேலை பார்த்துக்கொண்டிருந்தீர்கள், பிள்ளை அங்கே எந்த வகுப்பில் இருந்தான், இதைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை எல்லோரும் கேட்பார்கள். இதற்கெல்லாம் ஸ்பானிய மொழியில் பதில் சொல்ல வேண்டிய காலம் இம்பெர்பெக்தோ, அதாவது முன்பு வழக்கமாக நடந்ததையும் நடந்துகொண்டிருந்ததையும் சொல்கிற இறந்தகாலம். பல பாடப் புத்தகங்களில் இது பின்னால்தான் வரும், முதலில் இன்தெபினீதோ என்கிற, நடந்து முடிந்ததைச் சொல்கிற, விதிவிலக்குகள் நிறைந்த இன்னொரு இறந்தகாலத்தை நடத்துவார்கள். நான் சொல்வது, நீங்களாகவே இதை முதலில் படித்துவிடுங்கள்.

வினைச்சொல் 'ஆர்' என்று முடிந்தால் அதை எடுத்துவிட்டு விகுதியைச் சேர்க்க வேண்டும். பேசுதல் என்பதற்கு அப்லார். நான் பேசிக்கொண்டிருந்தேன் அப்லாப, நீ அப்லாபஸ், அவர் அப்லாப, நாங்கள் அப்லாபமோஸ், நீங்களெல்லாம் அப்லாபைஸ், அவர்கள் அப்லாபன். 'ஏர்', 'ஈர்' என்று முடிகிற இரண்டு வகைக்கும் ஒரே விகுதிகள்தான். வசித்தல் பிபீர், அதிலிருந்து பிபீய, பிபீயஸ், பிபீய, பிபீயமோஸ், பிபீயைஸ், பிபீயன். ஒவ்வொரு வினை வடிவத்திலும் நான் முதலில் நெடில் போட்டிருக்கும் இடத்தில் குரலை அழுத்துங்கள், அதை இழுக்க வேண்டியதில்லை. அப்லாபமோஸில் அழுத்தம் 'லா'வில்தான், 'மோ'வுக்குப் போகக் கூடாது. இந்த 'ப' ஒலியில் நமக்கு ஒரு வசதி உண்டு, 'சபை' என்று சொல்லும்போது உதடு லேசாகத் தொட்டும் தொடாமலும் வருகிறதே, அதே மென்மையான ஒலிதான் வேண்டும்.

விதிவிலக்கு மொத்தம் மூன்றே வினைகள். இருத்தல் என்ற 'ஸேர்' ஏர ஆகிறது, போதல் என்ற 'ஈர்' ஈப ஆகிறது, பார்த்தல் என்ற 'பேர்' பெயீய ஆகிறது. நிகழ்காலத்தில் பாடாய்ப் படுத்துகிற எஸ்தார் (ஓரிடத்தில் இருத்தல்), தெனேர் (வைத்திருத்தல்), அஸேர் (செய்தல்) எல்லாம் இங்கே எஸ்தாப, தெனீய, அஸீய என்று ஒழுங்காக வந்துவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். தமிழில் 'பேசினேன்' என்றாலே நான் என்று தெரிந்துவிடும், அதனால் 'நான்' சொல்லாமல் விடுகிறோம், ஸ்பானியத்திலும் பொதுவாக அப்படித்தான். ஆனால் அப்லாப என்றால் நானாகவும் இருக்கலாம், அவனாகவும் அவளாகவும் இருக்கலாம், மரியாதையாக 'நீங்கள்' என்கிற உஸ்தேத்தாகவும் இருக்கலாம், ஆகவே குழப்பம் வரும் இடத்தில் நான் என்றால் யோ அப்லாப, அவள் என்றால் ஏய அப்லாப என்று ஆளைச் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரி, எப்போது பயன்படுத்துவது? தமிழிலேயே இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 'சின்ன வயதில் தினமும் குளத்துக்குப் போவேன்' என்கிறோம், பழைய வழக்கத்தைத்தான் 'போவேன்' என்கிறோம். 'அவர் வந்தபோது நான் சமைத்துக்கொண்டிருந்தேன்' என்கிறோம். நடந்த விஷயத்தை இப்படிப் 'போவேன்' என்றோ 'கொண்டிருந்தேன்' என்றோ சொல்ல முடிந்தால் ஸ்பானியத்தில் பெரும்பாலும் இம்பெர்பெக்தோதான். அதோடு வீடு எப்படி இருந்தது, எனக்கு அப்போது என்ன வயது, மழையா வெயிலா போன்ற வர்ணனைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர்கள் சறுக்குவது கால அளவு வரும்போது. 'ஆந்தெஸ் பிபீய என் மதுரை', அதாவது முன்பு மதுரையில் வசித்தேன், இது சரி. 'மதுரையில் 5 ஆண்டு வசித்தேன்' என்று அளவு சொல்லி முடித்துவிட்டால் இன்தெபினீதோவுக்கு மாற வேண்டும், பிபீ 5 ஆஞ்யோஸ். வேலைக்கான நேர்காணலில் இது முக்கியம். தினமும் என்னென்ன செய்தீர்கள் என்பதை இம்பெர்பெக்தோவில் விவரியுங்கள், எத்தனை ஆண்டு பார்த்தீர்கள் என்பதை இன்தெபினீதோவில் சொல்லுங்கள்.

சுகாதார மையத்தில் இன்னும் கவனமாக இருங்கள். வலி இப்போதும் இருந்தால், நேற்றே ஆரம்பித்திருந்தாலும், நிகழ்காலத்தில் 'மே துவேலெ' என்றுதான் சொல்ல வேண்டும். 'மே தொலீய' என்றால் அப்போது வலித்தது என்று பொருள், இப்போது இல்லை போலிருக்கிறது என்று மருத்துவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு.

கைபேசியோ பாஸ்போர்ட்டோ திருடுபோனால் காவல் நிலையத்தில் தெனுன்ஸியா என்ற புகார் கொடுக்க வேண்டிவரும், அங்கே இரண்டு காலமும் சேர்ந்து வேலை செய்யும். எங்கே நின்றுகொண்டிருந்தேன் எஸ்தாப, கையில் என்ன வைத்திருந்தேன் யெபாப, சுற்றிலும் எத்தனை பேர் இருந்தார்கள் அபீய, இந்தப் பின்னணி எல்லாம் இம்பெர்பெக்தோ. திருடினார்கள் என்கிற அந்த ஒரு நிகழ்வு மட்டும் இன்தெபினீதோ, மே ரொபாரோன். இந்த நாலு வாக்கியத்தை இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பதற்றத்தில் எதுவும் நாக்கில் வராது.

அப்புறம் பணிவு. அலுவலகத்திலோ கடையிலோ 'எனக்கு வேண்டும்' என்பதற்கு நேரடியாக 'கியேரோ' என்றால் கொஞ்சம் வெடுக்கென்று கேட்கலாம், அந்த இடத்தில் 'கெரீய' சொல்கிறார்கள். காலம் இறந்தகாலம், ஆனால் கேட்பது இப்போதைய தேவை. முகவரிப் பதிவுக்குப் போனால் 'கெரீய எம்பத்ரொனார்மெ' என்று ஆரம்பியுங்கள், முன்பதிவு வேண்டுமானால் 'கெரீய பெதீர் ஸீத்த'. விதிமுறை தெரியாமல் எதையாவது செய்துவிட்டால் 'நோ லோ ஸபீய', எனக்குத் தெரியாமல் போயிற்று என்று அர்த்தம், தினமும் தேவைப்படும்.

பார்சலோனா பக்கம் குடியேறியவர்களுக்குப் பள்ளியில் கத்தலான் மொழியும் இருக்கும். அதிலும் இதே பெயரில் ஒரு காலம் உண்டு, விகுதிகளும் நெருக்கமானவை, ஒன்றை நன்றாகப் பிடித்தால் மற்றது சீக்கிரம் வரும்.

குடியுரிமைக்கு நம்மவர்கள் பொதுவாக 10 ஆண்டு சட்டப்படி வசித்திருக்க வேண்டும், கூடவே தெலே ஏ2 என்கிற அடிப்படை நிலை ஸ்பானிய மொழித் தேர்வும் கேட்பார்கள். அந்த நிலையில் இம்பெர்பெக்தோ பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. எழுதும்போது 'ஏர்', 'ஈர்' வினைகளில் ஆறு வடிவங்களிலும் 'ஈ' எழுத்தின் மேல் அழுத்தக் குறி போட வேண்டும், 'ஆர்' வினையில் 'நாங்கள்' வடிவத்துக்கு மட்டும்.