கேசட்டா, சிடியா? காது ஏமாறாமல் ஒப்பிடுவது எப்படி

"சிடியில அந்த ஜீவன் இல்லடா" என்று ராயபுரம் மாமா சொல்லிச் சொல்லி, நானும் வருடக்கணக்கில் அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். போன மாதம் பரணிலிருந்து கேசட் பையை இறக்கி, உட்கார்ந்து சோதித்துப் பார்த்தேன். ஒரு கேசட் டெக் (பிளேயர்), அதே ஆல்பத்தின் சிடி, கம்ப்யூட்டர், ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இருந்தால் நீங்களும் செய்யலாம்.

முதலில் ஹெட், அதாவது டெக்கில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் பாகம். பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் பழுப்பாக வரும், நாடாவிலிருந்து உதிர்ந்த ஆக்சைடு அது. குச்சி வெள்ளையாகவே திரும்பும்வரை துடையுங்கள். கேசட் ஜன்னல் வழியே நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் அதைப் போடவே வேண்டாம். நம் கடலோர ஈரத்துக்கு இது சகஜம்.

அப்புறம் ஹெட் அலைன்மென்ட், அதாவது ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்வது. புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த சின்ன ஸ்க்ரூ இருக்கும். பாட்டு ஓடும்போதே அதைத் துளித்துளியாக இருபக்கமும் திருகி, ஜால்ரா சத்தம் பளிச்சென்று கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். மாமா சொன்ன 'கேசட்டின் இதம்' பாதிக்குமேல் கோணல் ஹெட் விழுங்கிய ட்ரெபிள் (கூர்மையான மேல் ஒலி)தான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. உறையில் டால்பி (நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை) முத்திரை இல்லையென்றால் டால்பி பட்டனை அணைத்துவிடுங்கள்.

டெக்கின் லைன்-அவுட்டை கம்ப்யூட்டரின் லைன்-இன்னில் செருகுங்கள், மைக் துளையில் வேண்டாம். ஆடாசிட்டியில் சிடியின் அளவுகளையே வையுங்கள்: 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், வேவ் (சுருக்காத ஒலி) கோப்பு. மீட்டர் -6 டெசிபெலைத் தாண்டாமல் பதியுங்கள். சிடியிலிருந்தும் அதே பாட்டை வேவாக எடுங்கள்.

இரண்டின் சத்தத்தையும் ஆடாசிட்டியின் லவுட்னெஸ் நார்மலைசேஷனில் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள். இதை விட்டால் மற்றதெல்லாம் வீண். ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைத்தான் 'நல்லா இருக்கு' என்னும்.

இனி கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தங்கையோ தம்பியோ மாற்றி மாற்றிப் போடட்டும். 20 விநாடித் துண்டு, 10 முறை; ஒவ்வொரு முறையும் எது கேசட், எது சிடி என்று சொல்லுங்கள். 9 சரியென்றால் நிஜமாகவே வித்தியாசம் கேட்கிறது, 5 என்றால் காசு சுண்டியதுபோல. பாட்டு அடங்கும் இடத்தை எடுக்காதீர்கள், நாடாவின் 'உஸ்' காட்டிக்கொடுத்துவிடும். சிடியை நான் 10 முறையும் கண்டுபிடித்தேன். சரி, அதில் பெருமையில்லை.

கடைசியாக, ஓடும் கேசட்டையும் அதிலிருந்து நீங்கள் பதிந்த வேவையும் ஒரே ஆம்பில், சம ஒலியில் போட்டுக் கேளுங்கள். எனக்கு 10-க்கு 5 தான் சரி. நாடாவின் 'ஜீவன்' முழுக்க அந்தக் கோப்புக்குள் இறங்கியிருந்தது. மாமாவுக்கு 4.

"உன் ஒயர் சரியில்லடா" என்றார்.