முதன்முறை மௌன தியானத்துக்குப் போகிறவர்களுக்கு

மட்டக்களப்பில் "தியானத்துக்குப் போகிறேன்" என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, தவக்காலத்தில் ஆலய வளவில் ஒலிபெருக்கி கட்டி மூன்று நாள் மாலையில் நடக்கும் பிரசங்கம்தான். நான் எழுதப்போவது அதைப் பற்றி அல்ல. ஒரு தியான இல்லத்தில் இரண்டு மூன்று நாள் தங்கி, யாரோடும் பேசாமல், விவிலியத்தின் ஒரு சிறு பகுதியோடு இருப்பதைப் பற்றி. பழைய ஆட்கள் இதை ஞான ஒடுக்கம் என்பார்கள். எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும். வெளியே அலைந்த மனம் உள்ளே வந்து அடங்குவது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

நான் தாண்டவன்வெளியில் இருக்கிறேன். படிப்பித்து ஓய்வு பெற்றவள். பங்கிலிருந்து ஐந்தாறு பேராகச் சேர்த்து இந்தத் தியானத்துக்கு அனுப்புவதும், போகுமுன் அவர்களோடு இருந்து கதைப்பதும் பல வருடமாக என் வேலை. எல்லாரிடமும் முதலில் சொல்வதை இங்கேயும் முதலில் சொல்கிறேன்: தனியாக மௌனத்துக்குள் இறங்காதீர்கள்.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். 2004 டிசம்பர் 26 காலை நாவலடியில் என் அம்மாவைக் கடல் கொண்டுபோனது. மூன்று வருடம் கழித்து, என் நன்மையை நினைத்த ஒருவர் சொல்லி எட்டு நாள் மௌன தியானத்துக்குப் போனேன். தந்த அறை கடலைப் பார்த்த அறை. அந்த இல்லத்தில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முதல் இரவு அலைச் சத்தத்தில் கண் மூடவில்லை. இரண்டாம் இரவு விடியும்வரை விறாந்தையில் இருந்தேன். மூன்றாம் நாள் காலை பையைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். என் விசுவாசம் அவ்வளவுதான் என்று நீண்ட நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிழை. எங்கள் பக்கத்தில் மௌனம் என்பது வெறும் சத்தமின்மை அல்ல. காணாமல் போனவர்கள், கடல் கொண்டவர்கள், பெயரே எடுக்காமல் வைத்திருக்கும் பல சங்கதிகள் அதற்குள் இருக்கின்றன. பேச்சை நிறுத்தியவுடன் அவை மேலே வரும். வரட்டும், வரத்தான் வேண்டும். வரும்போது பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆகவே தியானத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொருவரிடமும் நான் மூன்று கேள்வி கேட்கிறேன். இரவில் நித்திரை வருகிறதா? இந்த ஒரு வருடத்துக்குள் வீட்டில் சாவு நடந்ததா? நடு இரவில் கூப்பிட்டுக் கதைக்க ஓர் ஆள் இருக்கிறாரா? நித்திரை இல்லாதவரையும், துக்கம் ஆறாதவரையும் நான் மூன்று நாளுக்கு அனுப்புவதில்லை. டொக்டரிடம் மருந்து எடுப்பவர் என்றால் மருந்தை நிறுத்தாமல், டொக்டரிடமும் தியானம் நடத்துபவரிடமும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 'ஜெபித்தால் குளிசை தேவையில்லை' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சரி, போக முடியாதவர் என்ன செய்வது? போகக்கூடியவர்களும் இங்கிருந்தே தொடங்கலாம். உங்கள் பங்கு ஆலயம் பிற்பகல் இரண்டு மணிக்கு வெறுமையாகத்தான் இருக்கும். திறப்பு வைத்திருப்பவரிடம் கேட்டு, ஞாயிறு தோறும் ஒரு மணித்தியாலம் உள்ளே இருந்து பாருங்கள். செபமாலை, நவநாள் புத்தகம் எதுவும் வேண்டாம். ஒரு நற்செய்திப் பகுதி மட்டும் போதும். நான்கு ஞாயிறு அப்படி இருந்தவருக்கு மூன்று நாள் அவ்வளவு அந்நியமாக இராது. இந்தத் தியான முறையை வகுத்தவரும் யேசு சபையைத் தொடங்கியவருமான புனித இஞ்ஞாசியாரே இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். வேலையையும் குடும்பத்தையும் விட முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே தினமும் ஒன்றரை மணித்தியாலம் ஒதுக்கி முழு ஆன்மிகப் பயிற்சியையும் செய்யலாம் என்று தன் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலின் பத்தொன்பதாவது குறிப்பில் எழுதியிருக்கிறார். கடலுக்குப் போகிறவருக்கும் கைக்குழந்தைக்காரிக்கும் அது பெரிய ஆறுதல்.

இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பேசும்போது சாப்பாடு, காசு எல்லாம் அவர்களே சொல்வார்கள். நீங்கள் கேட்க வேண்டியது வேறு. தினமும் தனியாக அரை மணித்தியாலம் கதைக்க ஆன்ம வழிகாட்டி இருக்கிறாரா? அறை கடல் பக்கமா, வாவிப் பக்கமா, தெருப் பக்கமா? அதே நாட்களில் இளைஞர் கூட்டமோ திருமணத் தயாரிப்பு வகுப்போ அங்கு நடக்கிறதா? பக்கத்துக் கோயிலில் திருவிழா இருக்கிறதா? முதல் கேள்விக்கு "இல்லை" என்று பதில் வந்தால் அந்த முறை போகாதீர்கள். மெதடிஸ்த, அங்கிலிக்கன் சபை ஆட்களும் எங்களோடு வருகிறார்கள். அதையும் முன்கூட்டியே சொன்னால் நற்கருணை நேரத்தில் யாருக்கும் சங்கடம் இராது.

காலம் என்றால் மாரி முடிந்த மாசியும் பங்குனியும் நல்லது. கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்து பாதை போய்விட்டால் மனம் முழுக்க வீட்டில்தான் நிற்கும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பிற்பகல் சூட்டில் இருந்து ஜெபிப்பது கடினம்.

விவிலியம், ஒரு கொப்பி, பேனை, டோர்ச், நுளம்புத்திரி, உங்கள் மருந்து, சத்தம் வராத செருப்பு. இவை போதும். வேறு பக்திப் புத்தகம் கொண்டுபோகாதீர்கள். ஜெபம் வறண்டவுடன் கை அதைத்தான் தேடும். போனை நிற்பாட்டி இல்லப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். வீட்டாரிடம் இல்லத்தின் இலக்கத்தைக் கொடுத்து, அவசரம் என்றால் அதற்கு எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் அம்மாமார் இதில்தான் தடுமாறுவார்கள். மூன்று நாள் எடுக்கமாட்டேன் என்று முந்தின கிழமையே அவர்களிடம் சொல்லிவைத்தால் பிரச்சினை இல்லை.

முதல் மாலை ஒன்றும் செய்யாதீர்கள். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள். எலியா இறைவாக்கினர் சாக வேண்டும் என்று கேட்டுப் பாலைநிலத்தில் படுத்தபோது, வானதூதர் அவருக்குப் பிரசங்கம் செய்யவில்லை. எழுப்பி அப்பமும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டார். மலையில் கடவுளின் அந்த மெல்லிய ஒலியை அவர் கேட்டது அதற்குப் பிறகுதான். வீட்டு வேலையில் களைத்து வரும் பெண்கள் முதல் நாள் தூங்கிவிட்டு எனக்கு முன்னால் குற்ற உணர்வோடு நிற்பார்கள். அவர்களுக்கு நான் சொல்வது இந்தக் கதையைத்தான்.

இனி ஜெப நேரம். நாளுக்கு நான்கு தடவை, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலம் இருக்கலாம். முதன்முறை என்றால் முக்கால் மணி போதும். எங்கள் வாவிக்கரை ஆட்களுக்கு நான் கொடுக்கும் பகுதி யோவான் நற்செய்தியின் 21ஆம் அதிகாரம்: இரவு முழுக்க ஒன்றும் படாமல் வரும் சீடர்களை, உயிர்த்த இயேசு விடியற்காலையில் கரையில் நின்று சாப்பிடக் கூப்பிடும் பகுதி. இருக்கப்போகும் இடத்துக்கு ஓரிரு அடி முன்னே நின்று, ஒரு 'விண்ணுலகில் இருக்கிற' சொல்லும் நேரம், கடவுள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் நினையுங்கள். இது இஞ்ஞாசியார் சொன்னது. பலர் விட்டுவிடுவார்கள், விடாதீர்கள். அப்புறம் கதிரையிலோ பாயிலோ இருந்து பகுதியை மெதுவாக இரண்டு தரம் வாசியுங்கள். வாயசைத்து வாசித்தால் இன்னும் நல்லது. வாசித்தபின் புத்தகத்தை மூடி, அந்தக் கரைக்குப் போங்கள். இரவு முழுக்க வலை போட்டு ஒன்றும் படாமல் வரும் தோணி எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஈர வலையின் மணம், யாரும் யாரோடும் பேசாத அந்த விடியற்காலை, கரையில் கரி நெருப்பு, அதில் மீன். நீங்கள் தோணியில் இருக்கிறீர்களா, கரையில் நிற்கிறீர்களா? பேதுரு தண்ணீரில் குதிக்கும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? விடை தேடாதீர்கள், பார்த்துக்கொண்டிருங்கள். ஏதோ ஓர் இடத்தில் மனம் தட்டுப்படும். அங்கேயே நில்லுங்கள், அடுத்த வசனத்துக்கு ஓட வேண்டாம். இயேசுவை மூன்று தரம் மறுதலித்த இரவிலும் பேதுரு ஒரு கரி நெருப்புக்குப் பக்கத்தில்தான் குளிர்காய்ந்தார் என்பதை ஒரு மீனவப் பெண் எனக்குச் சுட்டிக்காட்டினாள். அவள் ஒரு நாள் முழுக்க அந்த நெருப்போடுதான் இருந்தாள். கடைசியில், ஒரு சிநேகிதரோடு பேசுவது போல ஆண்டவரோடு உங்கள் சொந்தப் பேச்சில் பேசுங்கள். மட்டக்களப்புத் தமிழ் அவருக்கு விளங்கும்.

முடிந்ததும் எழும்பி நடந்துவிட்டு, கால் மணி நேரம் கொப்பியில் எழுதுங்கள். என்ன நினைத்தேன் என்பதைவிட என்ன அசைந்தது, எங்கே வறண்டது, எங்கே கண் கலங்கியது என்று நாலு வரி. அடுத்த ஜெபத்துக்குப் புதுப் பகுதி எடுக்காமல், அந்த அசைந்த இடத்துக்கே திரும்பிப் போங்கள்.

இரண்டாம் நாள் பிற்பகல் கிட்டத்தட்ட எல்லாருக்கும் ஒன்றாகத்தான் வரும். சலிப்பு, கோபம், 'ஏன் வந்தேன்' என்ற எண்ணம், இல்லாவிட்டால் அடக்க முடியாத அழுகை. தெருவில் பாண் ஆட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு போகும், உடனே வீட்டு நினைவு வரும். இஞ்ஞாசியார் சொல்லும் வழி இரண்டு. வறட்சியில் இருக்கும்போது எடுத்த தீர்மானத்தை மாற்றாதே. ஒரு மணித்தியாலத்தைக் குறைக்கத் தோன்றினால் சற்றுக் கூடவே இரு. முதலாவதை நான் எல்லாருக்கும் சொல்வேன். இரண்டாவதைப் பெரும் இழப்பு உள்ளவருக்குச் சொல்லமாட்டேன். நெஞ்சு படபடத்தால், பழைய காட்சி திரும்பத் திரும்ப வந்தால் கண்ணை மூடி இருக்காதீர்கள். எழும்பி வெளியே வாருங்கள். செருப்பில்லாமல் மண்ணில் நடவுங்கள், கிணற்றடியில் முகம் கழுவுங்கள், நேரம் பார்க்காமல் வழிகாட்டியிடம் போங்கள். ஜெபிக்க ஒரு சொல்லும் வராவிட்டால் 88ஆம் திருப்பாடல் இருக்கிறது. அது ஆறுதல் சொல்லாமல் இருளிலேயே முடிகிறது. அப்படியும் ஜெபிக்கலாம் என்று விவிலியமே அனுமதி தந்திருக்கிறது.

1522இல் ஸ்பெயின் நாட்டு மன்ரேசாவில் இஞ்ஞாசியார் தனியாக இருந்தபோது, மனச்சாட்சியின் வதையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம்வரை போனார். அதை அவரே மறைக்காமல் சொல்லியிருக்கிறார். அவருடைய பயிற்சியைச் செய்பவருக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு வழிகாட்டி இருப்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மன்ரேசா நாட்கள்தான் ஞாபகம் வரும். புனித மைக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் படிப்பித்த யேசு சபையினர் வழியாகத்தான் எங்களில் பலருக்கு இந்த முறை தெரியவந்தது.

வழிகாட்டியிடம் போவது பாவசங்கீர்த்தனம் அல்ல. "சுவாமி, ஒன்றும் வரவில்லை" என்று சொல்லலாம். "சிஸ்டர், எனக்குக் கடவுளோடு கோபம்" என்றும் சொல்லலாம். கொப்பியைப் பார்த்து நாலு வரி வாசித்தால் போதும். அவர் உங்களை விட அதிகம் பேசினால், பணிவாக, "நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை" என்று சொல்லுங்கள்.

சாப்பாட்டு மேசையில் முதல் நேரம் எல்லாருக்கும் கூச்சம். சொதி வேண்டும் என்று எப்படிக் கேட்பது? கேட்கத் தேவை வராது. பக்கத்தில் இருப்பவர் தட்டைப் பார்த்துத் தள்ளிவிடுவதை இரண்டாம் நாளே காண்பீர்கள். எனக்கு மௌனத்தில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

மூன்றாம் நாள் மதியம் புறப்படுமுன் வழிகாட்டியோடு ஒரு தடவை இருந்து, கொப்பியில் எந்த வரியை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு வரி போதும். போனை பஸ்சில் திறக்காமல் வீட்டுக்கு வந்தபின் திறவுங்கள். வீட்டார் "என்ன நடந்தது" என்று கேட்டால் எல்லாவற்றையும் கொட்ட வேண்டாம். தேத்தண்ணி போட்டுக் கொடுத்து அவர்களுடைய மூன்று நாளைக் கேளுங்கள். அந்தக் கிழமைக்குள் ஒரு நாள் என்னைப் போல யாராவது ஒருவரோடு, உங்களை அனுப்பியவரோடு, அரை மணித்தியாலம் இருந்து கதையுங்கள்.

நான் 2011இல் மறுபடி போனேன், மூன்று நாள் மட்டும். வாவிப் பக்க அறை கேட்டு வாங்கினேன். கடைசி நாள் மாலை வழிகாட்டியாக இருந்த சிஸ்டர் என்னோடு நடந்து வந்தார். கல்லடிக் கரையில் இருவரும் அரை மணி நேரம் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.