வகுப்பு மொழி வேறு, வீட்டு மொழி வேறு: இந்தப் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது?

மைதானத்தில் வகுப்பு மொழியில் வாய் ஓயாமல் பேசும் பிள்ளை அறிவியல் தேர்வில் நாலு வரி எழுதத் திணறினால், கவனம் போதாது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரே மொழியிலும் பேச்சு மொழி வேறு, பாட மொழி வேறு என்று கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் 1979-லேயே பிரித்துக் காட்டினார். முதலாவது சுமார் 2 ஆண்டில் வந்துவிடும், இரண்டாவதில், அந்த மொழியை வீட்டிலும் பேசுகிற பிள்ளைகளை எட்டிப்பிடிக்க 5 முதல் 7 ஆண்டுகூட ஆகலாம். அதுவரை காத்திருக்க முடியுமா? முடியாது, அதனால் பாட மொழியையும் நீங்கள்தான் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும்.

ஆவியாதல் பாடம் என்று வையுங்கள். வரையறையை எழுதிப் போட்டு ஆரம்பிக்காமல், இரண்டு ஈரத் துணிகளில் ஒன்றை வெயிலிலும் ஒன்றை நிழலிலும் போடுங்கள். பார்த்ததை எந்த மொழியில் வேண்டுமானாலும் பக்கத்திலிருப்பவரிடம் பேசட்டும், இரைச்சல் வரும், பரவாயில்லை. அப்புறம் பலகையில் பாதி வாக்கியம் ஒன்று: "____ அதிகமானால் ____ வேகமாக நடக்கும், ஏனென்றால் ____." இதை வைத்துக்கொண்டு பேசவும் எழுதவும் பழகுவார்கள். பழகியதும் அந்த உதவியை மெல்ல எடுத்துவிடுங்கள், பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி கேட்டதும் வாயை மூடிக்கொண்டு குறைந்தது 3 விநாடி காத்திருங்கள். ஆசிரியர்கள் பொதுவாக 1 விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். ஒரு மொழியில் கேட்டு இன்னொன்றில் யோசிக்கிற பிள்ளைக்கு அது எந்த மூலைக்கு?

கணக்கில் தப்பு வந்தால் கேள்வியை எளிமையாக வாசித்துக் காட்டுங்கள். உடனே சரியாகப் போட்டுவிட்டால் இடறியது மொழி, கணக்கு அல்ல. சில நாடுகளில் மூன்றரையை 3,5 என்று காற்புள்ளி வைத்துத்தான் எழுதுவார்கள், அதையும் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

கண்ணைப் பார்க்காமல் நிற்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சில குடும்பங்களில் அதுதான் மரியாதை. வீட்டிலும் வகுப்பு மொழியிலேயே பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லாதீர்கள், தங்களுக்கு நன்றாக வருகிற மொழியில் அவர்கள் நிறையப் பேசினாலே போதும். அவர்களைச் சந்திக்கும்போது பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லாமல் வேறு பெரியவர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். தன் மதிப்பெண்ணைத் தானே மொழிபெயர்க்கிற பிள்ளை கொஞ்சம் கூட்டித்தான் சொல்லும்!