பக்கவாதம் வந்தால் மூளை செல்களைக் காப்பாற்றுவது எப்படி?

மூளைக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் சாகின்றன. ஆனால் செத்த பகுதியைச் சுற்றி இன்னொரு பகுதி இருக்கும், பெனும்ப்ரா என்பார்கள்: கிடைக்கிற கொஞ்சம் ரத்தத்தில் வேலையை நிறுத்திவிட்டு உயிரை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நாம் ஓடுவதெல்லாம் அதற்காகத்தான்.

வாய் ஒரு பக்கம் கோணுகிறதா, ஒரு கை தூக்க வரவில்லையா, பேச்சு குழறுகிறதா? இதில் ஒன்று இருந்தாலே 108-ஐக் கூப்பிடுங்கள். அப்புறம், அவர் கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள், டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். தூங்கி எழும்போதே கை கால் வரவில்லை என்றால் எழுந்த நேரத்தைச் சொல்லாதீர்கள், நன்றாக இருந்து படுத்த நேரத்தைச் சொல்லுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், இருபத்துநாலு மணி நேரமும் சிடி ஸ்கேன் எடுத்து, ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடும் ஆஸ்பத்திரிக்கே நேராகப் போங்கள்.

தண்ணீர், காபி எதுவும் வாயில் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் வேண்டாம், அடைப்பா ரத்தக்கசிவா என்று ஸ்கேன் பார்க்காமல் தெரியாது. பிரஷர் ஏறியிருக்கிறதே என்று வீட்டில் மாத்திரை கொடுத்தால், ஊசலாடிக்கொண்டிருக்கும் அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தமும் குறைந்துவிடும். விரல் நுனியில் ஊசியால் குத்தி ரத்தம் எடுப்பது வெறும் வாட்ஸ்அப் வைத்தியம், அதில் நேரம்தான் போகும். சர்க்கரை நோயாளி என்றால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் சுகர் பார்த்து வையுங்கள், லோ சுகரும் பக்கவாதம் மாதிரியே தோன்றும்.

அடைப்பு என்று உறுதியானால், கட்டி கரைக்கும் ஊசிக்கு, கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து பொதுவாக 4.5 மணி நேரம்தான் கெடு. பெரிய குழாய் அடைப்பென்றால் கம்பி விட்டுக் கட்டியை எடுப்பார்கள். ஸ்கேனில் மூளை இன்னும் பிழைத்திருப்பது தெரிந்தால் சிலருக்கு 24 மணி நேரம் வரைகூடச் செய்யலாம். அதனால் நேரமாகிவிட்டது என்று நீங்களாகவே முடிவு கட்டிவிடாதீர்கள்.

"மூளை செல்லைக் காக்கும்" மாத்திரைகளை நம்பிப் பணம் கரைக்காதீர்கள். அப்படிக் கொடுக்கும் மருந்துகளில் ஒன்றான சிட்டிகோலினை 2012-இல் ஒரு பெரிய ஆய்வில் சோதித்தார்கள், பலன் தெரியவில்லை. வார்டில் நிஜமாகவே செல்லைக் காப்பது காய்ச்சலையும் சர்க்கரையையும் ஏறவிடாமல் வைத்திருப்பதும், விழுங்க முடிகிறதா என்று சோதித்த பிறகே சாப்பாடு கொடுப்பதும்தான். கட்டி கரைக்கும் ஊசி போட்டிருந்தால் முதல் 24 மணி நேரம் பக்கத்திலேயே ஒருவர் இருங்கள். கடுமையான தலைவலி, வாந்தி, திடீர் மயக்கம் என்று எது வந்தாலும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், உள்ளே ரத்தம் கசிகிறதா என்று மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கும்.